மக்காத எரு

மேலூர், ஸ்ரீரங்கம்
8 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

ஃபெமினா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் சர்க்கரை மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? முட்டி வலி எப்படி இருக்கிறது?

நீ கன்னியர் மடத்துக்குப் போய் இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. பயிற்சியில் இருக்கும் நவகன்னியருக்குப் போன் கூடாது, கடிதம்தான், அதையும் மதர் படித்த பிறகுதான் கையில் கொடுப்பார்கள் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை. நடுவில் ஒரு காவிரிப் பாலமும் கொஞ்சம் டிராஃபிக்கும்தான். துபாயில் இருக்கிறவர்களோடு ஜனங்கள் தினமும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். லால்குடி அப்துல் அஹத் பாயின் காய்கறி விவசாயிகள் சங்கத்தில் நாற்பது பேர் இயற்கை விவசாயத்துக்கு மாறியிருக்கிறார்கள். ஐப்பசிக்குப் பாதி, தைக்குப் பாதி என்று அறுபதாயிரம் நாற்று வேண்டுமாம். கத்திரி, தக்காளி, மிளகாய். நம் நர்சரிக்கு இவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததே இல்லை. கிடைத்தால் ரஞ்சனியும் மற்ற மூன்று பெண்களும் வருஷம் முழுக்க வேலைக்கு வரலாம். கிடைக்காவிட்டால் மழையோடு இரண்டு பேரை நிறுத்த வேண்டியதுதான்.

ஒரே நிபந்தனை, நாற்று விடும் குழித்தட்டில் பீட் இருக்கக் கூடாது. நீ போன பிறகு நான் பீட்டுக்கு மாறிவிட்டேன். வெளிநாட்டுச் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டி எடுத்த பாசி மண், மூட்டையாக வருகிறது. பிரித்துத் தட்டில் நிரப்பினால் போதும், யார் கைராசியும் தேவையில்லை. அஹத் பாய் ஒரு மூட்டையைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்தார். "ஆயிரம் வருஷமா எங்கயோ கிடந்ததை வெட்டி, கப்பல்ல ஏத்தி, அதுல கத்திரி நாத்து விட்டுட்டு இயற்கை விவசாயம்னு போர்டு மாட்டறதாம்மா? உங்கக்கா இருந்தப்ப கம்போஸ்ட்லதான விட்டாங்க? அந்த நாத்து நட்ட அன்னிக்கே நிமிந்து நிக்குமே" என்றார்.

அதோடு விடவில்லை. உங்கள் மடத்துத் தோட்டத்திலிருந்தும் ஐந்நூறு நாற்று கேட்டிருக்கிறாராம். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாராம். எது நன்றாக இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அறுபதாயிரம்.

மடத்துக்கு எதற்கு நாற்று வியாபாரம்? இதில் உன் கை இருக்கிறதா?

எங்களுக்காக ஜெபி. யார் ஜெயிக்க வேண்டும் என்று ஜெபிக்கிறாய் என்பதை மட்டும் எழுத வேண்டாம்.

உன் தங்கை,
ஃபெமினா

*

புனித மார்த்தா நவகன்னியர் இல்லம், திருச்சி
19 ஜூன் 2025

இயேசுவுக்குப் புகழ்!

அன்புள்ள ஃபெமி,

உன் கடிதம் பதினான்காம் தேதி கிடைத்தது. கடவுள் கிருபையால் சுகமாக இருக்கிறேன். முட்டி வலி முழங்காலில் நிற்கும்போது மட்டும்தான். அப்பாவை மாம்பழத்தின் பக்கம் விடாதே. ஒளித்து வைத்துச் சாப்பிடுவார்.

நாற்று என் யோசனை இல்லை. அஹத் பாய் தோட்டத்தைப் பார்க்க வந்தவர் மதரிடம் பேசினார். மதர் என்னைக் கூப்பிட்டு, செய்யலாமா என்று கேட்டார்கள். இங்கே அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்.

நீ கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். கம்போஸ்ட் எருவுக்குத் தொண்ணூறு நாள் வேண்டும். வாழைமட்டை, காய்கறிக் கழிவு, சாணி, காய்ந்த இலை, அடுக்கு அடுக்காகப் போடு. வாரம் ஒரு தடவை புரட்டு. உள்ளே கை விட்டால் சூடு இருக்கக் கூடாது, மூக்கில் ஏறுகிற காரவாடை இருக்கக் கூடாது. கடைசியில் ஒரு கொட்டாங்கச்சி எருவில் இருபது பச்சைப்பயறு ஊன்று. நான்காம் நாள் குறைந்தது பதினெட்டு முளைத்திருந்தால் பழுத்துவிட்டது. குறைந்தால் இன்னும் ஆகவில்லை. மக்காத எருவில் விதைத்தால் நாற்று வேரோடு வெந்துவிடும். அவசரப்படாதே.

எங்கள் குவியல் மே பதினைந்தாம் தேதி போட்டது.

ரஞ்சனியைக் கேட்டதாகச் சொல். உன்னையும் அப்பாவையும் தினமும் மாலை ஜெபத்தில் நினைக்கிறேன்.

அன்புடன்,
பெலிண்டா

*

மேலூர்
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கும், இதை அக்காவுக்கு முன்னால் படிக்கும் மதர் ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கும் வணக்கம். இருவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா மாம்பழம் சாப்பிட்டுவிட்டார். கொட்டையைச் செடித்தொட்டியில் புதைத்திருந்தார்.

மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். உங்கள் இல்லத்தில் பன்னிரண்டு நவகன்னியர் உட்கார்ந்து தட்டு நிரப்பினால் கூலி கிடையாது. அதற்குப் பெயர் தியாகம். இங்கே ரஞ்சனி நிரப்பினால் அது வேலை. சனிக்கிழமை சம்பளம் வராவிட்டால் ஷெட் வாசலில் நின்று என் மானத்தை வாங்குவாள். வாங்கவும் வேண்டும். கூலி கொடுக்காதவர்கள் கூலி கொடுக்கிறவளோடு போட்டி போடுவது எந்த ஊர் நியாயம்? அந்தப் பன்னிரண்டு பேரில் டாக்டர் வீட்டுப் பெண் எத்தனை, புரொபசர் வீட்டுப் பெண் எத்தனை என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடாகப் பார்த்துத்தான் கடவுள் கூப்பிடுகிறார்.

நேற்று கோதைநாயகி மாமி மாடித்தோட்டத்துக்குப் பத்து நாற்று வாங்க வந்தார். "பெலிண்டா எப்போடி வருவா? அவ கை பட்டா செடி சிரிக்கும்" என்றார். "வர மாட்டா மாமி, சிஸ்டர் ஆகப்போறா" என்றேன். "அடடா, பகவான் எடுத்துண்டுட்டாரா" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, பத்தை ஆறாகக் குறைத்து வாங்கிக்கொண்டு போனார். அந்த நான்கு நாற்றும் என் கணக்கில்தான் குறைகின்றன, பகவான் கணக்கில் இல்லை.

தொண்ணூறு நாளுக்கு நான் எங்கே போவேன்? முசிறியில் ஒரு வாழைத்தோப்பில் பழுத்த கம்போஸ்ட் கிடைத்தது, வாங்கிவிட்டேன். பழகிப் பார்க்கச் சில தட்டு போட்டாயிற்று. முளைப்பு பிரமாதம். ஒரே தொந்தரவு, ஒரு நாள் காய விட்டால் மேலே ஊற்றுகிற தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. தட்டைத் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டியிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். பயறு ஊன்றிப் பார்க்கும் பாடம் எனக்கு வேண்டாம். நான் பி.எஸ்ஸி. விவசாயம் படித்தவள்.

ஃபெமினா

*

நவகன்னியர் இல்லம்
18 ஜூலை 2025

இயேசுவுக்குப் புகழ்!

அன்புள்ள ஃபெமி,

எல்லாரும் சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மதர் சிரித்தார்களா கோபித்தார்களா என்று தெரியவில்லை. கவரை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இங்கே எந்த விதைப்பும் திருநாளில்தான் நடக்கும். பூசை முடிந்து சாமியார் தீர்த்தம் தெளிப்பார், பிறகு விதைப்போம். முந்தாநாள் பதினாறாம் தேதி கார்மேல் மாதா திருநாள். அதற்கு முந்தின நாள் மதர், "எரு ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டார்கள். ஆகிவிட்டது என்றேன். ஐந்நூறு குழியும் நிரப்பி விதைத்துவிட்டோம்.

தண்ணீர் உருண்டு ஓடுவதாக எழுதியிருந்தாய். கம்போஸ்ட்டில் தண்ணீர் அப்படி ஓடாது, ஃபெமி. காய்ந்தாலும் குடிக்கும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

அப்பாவைத் திட்டாதே. நடக்கச் சொல்.

அன்புடன்,
பெலிண்டா

*

மேலூர்
27 ஜூலை 2025

அக்கா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. இருக்கிறோம்.

என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? என் தட்டில் இருப்பது முசிறி கம்போஸ்ட். நீயும் தெரிந்துகொள், உனக்கு முன்னால் படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் ஓடுகிறது, ஓடவில்லை, அது என் தட்டு, என் தண்ணீர். ஐந்நூறு நாற்றும் இன்றைக்குப் பத்தாம் நாள், வரிசையாக நிற்கின்றன. சொல்லப்போனால் நீ இருந்த காலத்தைவிட ஒழுங்காக.

உனக்கு இதுதான் வழக்கம். ஒரு வார்த்தை சத்தமாகப் பேச மாட்டாய். ஒரு கேள்வியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாய், எதிரே இருக்கிறவள் திருடியாகிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் பெலிண்டாவின் தங்கை. சர்ச்சில் பெலிண்டாவின் தங்கை. இங்கே பெலிண்டாவின் தங்கை நடத்துகிற நர்சரி. ஏழு வருஷம் நீ ஷெட்டில் உழைத்தாய், நான் இல்லை என்று சொல்லவில்லை. பதிவு செய்யும்போது டிகிரி இருந்தால் சுலபம் என்றார்கள், உன்னிடம் பிளஸ் டூதான் இருந்தது, அப்பா என் பெயரில் பதிந்தார். போர்டில் என் பெயர் எழுதியதற்கு நான் என்ன செய்வேன்? நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்துக் கடவுள் கூப்பிட்டார் என்று கிளம்பிவிட்டாய். நல்ல மழைக்காலம். தட்டில் இருபதாயிரம் நாற்று. எனக்குத் தண்ணீர் விடும் அளவுகூடத் தெரியாது. பாதி அழுகியது. ரஞ்சனியும் நானும் வாளி வாளியாக அள்ளிக் கொட்டினோம். அன்றைக்குத்தான் பீட் மூட்டை விற்கிறவனுக்குப் போன் செய்தேன்.

அஹத் பாயிடம் எதையாவது சொல்லப்போகிறாயா? சொல்வதாக இருந்தால் எனக்கு எழுதிவிட்டுச் சொல்.

ஃபெமினா

*

மேலூர்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அப்பா நன்றாக இருக்கிறார், நடக்கிறார், நடந்துபோய் டீக்கடையில் உட்கார்கிறார்.

உனக்குச் செய்தி வந்திருக்கும். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும். நேற்று முன்தினம் அஹத் பாயின் களத்தில் இரண்டு செட் தட்டையும் வைத்தார்கள். மடத்துத் தட்டில் பாதிக் குழி காலி. முளைத்ததும் மஞ்சள், இலை ஓரம் கருகியிருந்தது. என்னுடையது ஐந்நூற்றில் நானூற்று எண்பத்தாறு. நாற்பது விவசாயிகளும் சுற்றி நின்று பார்த்தார்கள். "எந்த ஊரு கம்போஸ்ட்டும்மா இது?" என்று ஒருவர் கேட்டார். முசிறி என்றேன். அறுபதாயிரமும் எனக்கு.

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். உன் தட்டைப் பார்த்தபோதுதான் அதிகச் சந்தோஷம். திரும்பும் வழியில் நான்கு பெண்களுக்கும் பிரியாணி வாங்கினேன். ரஞ்சனி மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. "பெரியக்கா தட்டு இப்படி வராதே" என்றாள். "வந்துச்சே, பாத்தியே" என்றேன். "அதான் சொல்றேன், வராது" என்றாள்.

எனக்கும் ஒரு நிமிஷம் அது உறுத்தியது. உன்னைவிடக் கம்போஸ்ட் தெரிந்தவள் இந்த ஜில்லாவில் இல்லை. அப்புறம் அதை மறந்துவிட்டேன்.

மதருக்கு என் வணக்கம். வருத்தப்பட வேண்டாம் என்று சொல்.

ஃபெமினா

*

4 செப்டம்பர் 2025

ஃபெமி,

இந்தக் கடிதத்தை யாரும் படிக்கவில்லை. வயதான ஒரு சிஸ்டரைப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்கிறேன். அவரை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். மருந்துக்கடையில் கவரும் ஸ்டாம்பும் கிடைத்தன. பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் சுகம் என்று எழுதிப் பழகிவிட்டது. சுகமில்லை.

எரு மக்கவில்லை. எனக்குத் தெரியும். அறுபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உள்ளே கை விட்டால் சுட்டது. பயறு ஊன்றினேன், இருபதில் மூன்று. மதர் கேட்டபோது ஆகிவிட்டது என்றேன். திருநாளைத் தள்ளிவைக்க முடியாது, கீழ்ப்படிதல் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது இல்லை. இன்னும் ஆகவில்லை மதர் என்று சொல்லியிருந்தால் அவர்கள் விதைப்பைத் தள்ளிவைத்திருப்பார்கள். நான் தெரிந்தே சொன்ன பொய்.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை. ஆர்டர் மடத்துக்கு வந்தால் நர்சரி நிலைக்காது. நர்சரி நிலைக்காவிட்டால் எனக்குத் திரும்பி வர ஓர் இடம் இருக்காது. எனக்குத் திரும்பி வர வேண்டும், ஃபெமி. டிசம்பர் எட்டாம் தேதி எனக்கு வார்த்தைப்பாடு, சிஸ்டராக வாழ்வேன் என்று வாக்குக் கொடுக்கும் நாள். அதை என்னால் கொடுக்க முடியாது.

என்னைக் கடவுள் கூப்பிடவில்லை. அந்தப் போர்டு விரட்டியது. ஏழு வருஷம் தட்டு நிரப்பிய கையோடு ரோட்டில் நின்று ஏணியில் பெயிண்டர் உன் பெயரை எழுதுவதைப் பார்த்தேன். 'ஃபெ' எழுதி முடித்துவிட்டுக் கீழே இறங்கி டீ கேட்டான். நான்தான் போட்டுக் கொடுத்தேன். சண்டை போட எனக்குத் தெரியாது. கடவுளைச் சொன்னால் யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள் என்று தெரியும். இங்கே வந்த பிறகும் ஒவ்வொரு நாளும் உன்மேல் பொறாமைதான். நினைத்ததையெல்லாம் பேப்பரில் எழுதி அனுப்புகிறாயே, அதைப் பார்த்துக்கூட.

பீட்டை விடு. நான் வந்தால் தைக்குள் எரு பழுக்கவைத்துத் தருகிறேன். போர்டில் உன் பெயரே இருக்கட்டும். வரலாமா என்று மட்டும் எழுது. மதர் படிப்பார்கள். உனக்கு எழுதத் தெரியும், எனக்குப் புரியும்.

சிஸ்டர் வந்துவிட்டார்.

பெலிண்டா

*

மேலூர்
15 செப்டம்பர் 2025

இயேசுவுக்குப் புகழ்!

அன்புள்ள அக்கா,

நான் சுகம். அப்பா சுகம். அவ்விடம் அனைவரின் சுகத்துக்கும் வேண்டுகிறோம்.

முதல் முப்பதாயிரம் விதைத்தாயிற்று. வேலை தடையில்லாமல் நடக்கிறது. ஷெட் சின்னது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி. இரண்டு பேர் வேலை சொன்னால் யார் பேச்சைக் கேட்பது என்று ரஞ்சனிக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. அப்படியே இருக்கட்டும்.

யாரும் விட்டுக்கொடுத்து எனக்கு எதுவும் கிடைக்க வேண்டியதில்லை. கிடைத்தது என் கையால் கிடைத்ததாகவே இருக்கட்டும்.

எடுத்த காரியத்தை முடி. டிசம்பர் எட்டாம் தேதி அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

மதருக்கும் மற்ற சிஸ்டர்களுக்கும் வணக்கம்.

ஃபெமினா

*

மேலூர்
16 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. எப்படி இருக்கிறாய்? இங்கே மழை. அப்பாவுக்கு இருமல், இப்போது பரவாயில்லை. வார்த்தைப்பாட்டுக்கென்று வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். அழைப்பிதழ் வரவில்லையே என்று தினமும் தபால்காரரை நிறுத்தி விசாரிக்கிறார். மற்றவர்களுக்கு வந்துவிட்டதா?

முதல் முப்பதாயிரம் அக்டோபரில் லால்குடிக்குப் போய்விட்டது. யாரும் குறை சொல்லவில்லை. அது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் நானே ஒரு குவியல் போட்டேன், யாருக்கும் சொல்லாமல். எண்பது நாள் ஆகிறது. போன வாரம் பயறு ஊன்றினேன். இருபதில் எட்டு. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியதா, சாணி குறைவா, சரியாகப் புரட்டவில்லையா? ரஞ்சனியைக் கேட்டால், "பெரியக்கா கையில எடுத்து மோந்து பாக்கும்" என்கிறாள். நானும் மோந்து பார்த்தேன். எனக்கு எரு வாசம்தான் வந்தது.

செப்டம்பரில் எழுதிய கடிதத்தை நான் அப்படி எழுதியிருக்க வேண்டாம். மதர், எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

ஒரு வரியாவது எழுது.

ஃபெமினா

*

நவகன்னியர் இல்லம்
22 நவம்பர் 2025

அன்பு மகள் ஃபெமினாவுக்கு,

இறைவனின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. தந்தையாரின் இருமல் குணமாக மன்றாடுகிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பெலிண்டா இங்கே இல்லை. செப்டம்பர் கடைசியில் என்னிடம் வந்து, எரு மக்கவில்லை என்று தெரிந்தே பொய் சொன்னதாகவும், வார்த்தைப்பாடு கொடுக்க முடியாது என்றும் சொன்னாள். நான் போகச் சொல்லவில்லை. அவளே அக்டோபர் பதினோராம் தேதி ஒரு பையோடு கிளம்பினாள். முப்பத்தொரு வயதுப் பெண். வீட்டில் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். அதை நம்பி நான் உங்கள் தந்தைக்குப் போன் செய்யாமல் விட்டேன். அது என் பிழை.

பத்து நாள் கழித்து லால்குடியிலிருந்து ஒரு கார்டு வந்தது. நலமாக இருப்பதாக எழுதியிருந்தாள். மார்ட்டின் என்பவர் வீட்டு முகவரி. உங்கள் கடிதத்தையும் உள்ளே வைத்து இன்றே அவளுக்கும் எழுதுகிறேன்.

செப்டம்பரில் நீங்கள் எழுதிய கடிதத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நீங்கள் எழுதியதிலேயே மரியாதையான கடிதம் என்று நினைத்தேன். அவள் அதைப் படித்துவிட்டு அன்று சாப்பிட வரவில்லை.

ஜூலையில் கூலி பற்றி எழுதியிருந்தீர்கள். என் தந்தை வாழைத்தார் சுமந்தவர். நீங்கள் எண்ணச் சொன்னதை எண்ணிப் பார்த்தேன்.

இறைவனில்,
சிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ்

*

லால்குடி
30 நவம்பர் 2025

அன்புள்ள ஃபெமி,

நீயும் அப்பாவும் நலமா? அப்பாவுக்கு இரவில் வெந்நீர் கொடு. நான் நன்றாக இருக்கிறேன். அஹத் பாய் பார்த்துக் கொடுத்தது, மார்ட்டின் சார் வீட்டு மாடியில் ஓர் அறை. அவர் மனைவி நல்ல மாதிரி, நிறையக் கேள்வி கேட்பதில்லை. போன் வாங்கிவிட்டேன். ஆனால் உன் குரலைக் கேட்டால் சொல்ல வேண்டியதைச் சொல்ல மாட்டேன், அதனால் எழுதுகிறேன்.

மடத்திலிருந்து கிளம்பி மேலூருக்குத்தான் பஸ் ஏறினேன். பாலத்தில் பஸ் நின்றது. அங்கேயே இறங்கி, பின்னால் நின்ற லால்குடி பஸ்ஸில் ஏறிவிட்டேன். அஹத் பாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எங்காவது போகலாம் என்று நினைத்தேன். நான் செய்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, சொல்லிட்டீங்க. இப்ப எங்க போறீங்க?" என்றார். தெரியாது பாய் என்றேன். "எங்க களத்துல நாலு வண்டி சாணி கிடக்கு" என்றார்.

அன்றைக்குக் குவியல் போட ஆரம்பித்தேன்.

உன் முப்பதாயிரத்தை நட்டபோது நானும் வயலில் இருந்தேன். வேரைச் சுற்றிக் கறுப்பாகப் பஞ்சு மாதிரி கட்டி. கிள்ளிப் பார்த்தேன். பாய் பக்கத்தில் வந்து, "உங்க வீட்டுக் கம்போஸ்ட்டாம்மா?" என்று கேட்டார். "எங்க வீட்டு நாத்துதான் பாய்" என்றேன். என் பொய்யை அவரிடம் சொன்னேன். உன்னுடையதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

தை நாற்றை இங்கேயே விடலாமா என்று சங்கத்தில் பேசுகிறார்கள். என்னை நடத்தச் சொல்கிறார்கள். சம்பளத்தோடு. நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அந்த முப்பதாயிரம் உன்னுடையது. நீ வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுவிடுவேன்.

எண்பது நாளில் இருபதுக்கு எட்டு என்றால் ஈரம் அதிகம். மேலே தென்னை ஓலை போட்டு மூடு, இரண்டு நாளுக்கு ஒரு தடவை புரட்டு.

அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்குத் தைரியம் இல்லை.

பெலிண்டா

*

மேலூர்
5 டிசம்பர் 2025

அக்கா,

உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் கோபம் வந்துவிட்டது. இன்னும் போகவில்லை. மற்றபடி நாங்கள் நலம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் பொய்யைச் சொன்னாயாம், என் பொய்யைச் சொல்ல மாட்டாயாம். என் ஆர்டரை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளவும் மாட்டாயாம். அக்கா, நல்லவளாக இருக்கிற வேலையையும் நீயே எடுத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்? வாழ்நாள் முழுக்க நீ எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தாய் என்று நான் சுமந்துகொண்டு அலைய வேண்டுமா? என்னால் முடியாது. அதற்குப் பதில் ஆர்டர் போகட்டும்.

நேற்று அஹத் பாய்க்குப் போன் செய்தேன். முசிறியும் இல்லை, கம்போஸ்ட்டும் இல்லை, ஐந்நூறும் முப்பதாயிரமும் பீட்தான் என்றேன். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் புள்ளைங்கதானா?" என்றார். ஆமாம் பாய் என்றேன். "ஒருத்தி மக்காததை மக்கிடுச்சுன்னா. ஒருத்தி இல்லாததையே இருக்குன்னா. உங்களை நம்பி நாப்பது பேரும் போர்டுல பீட் இல்லாத நாத்துன்னு எழுதி வச்சிருக்காங்க. இப்ப அதை நான் எப்படியம்மா அழிக்கறது?" திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில், "தை நாத்து எங்க களத்துலயே விட்டுக்கறோம். உங்க குவியல் பழுக்கட்டும், ஆடிக்குப் பாக்கலாம்" என்றார்.

ஆகவே நீ என்னைக் கேட்க வேண்டியதில்லை. நடத்து.

இரண்டு பெண்களைத் தையிலிருந்து நிறுத்த வேண்டிவரும். அவர்களை உன்னிடம் அனுப்புகிறேன். தட்டு நிரப்பத் தெரிந்தவர்கள். கூலி இங்கே கொடுப்பதற்குக் குறையக் கூடாது, பஸ் சார்ஜ் தனி, சங்கத்தில் இப்போதே பேசிவை. ரஞ்சனியைக் கேட்காதே. அவள் இங்கேதான் இருப்பாள். நடந்ததை அவளிடம் சொன்னேன். "எனக்கு மூட்டையைப் பிரிக்கறப்பவே தெரியும்க்கா" என்றாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் ரகசியம்.

குவியலுக்கு ஓலை போட்டேன். வந்து பார்க்க வேண்டாம். நானே பார்த்துக்கொள்வேன்.

அப்பாவின் சட்டை தைத்து வந்துவிட்டது. இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறார். எட்டாம் தேதி காலை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீ லால்குடியில் இருக்கிறாய் என்று நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தட்டில் வைத்த இட்லியை அப்படியே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொல்கிறேன்.

அதுவரைக்கும், இந்த இரண்டு நாள், அவர் எனக்கு மட்டும் இருக்கட்டும்.

ஃபெமினா